செவெரோ வாசிக்காத 'லிமோன்'

என் கணவர் செவெரோ எலுமிச்சை பறிப்பவர். லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சாந்தா பவுலாவில் எலுமிச்சை பறிக்காதவர் யார் என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அவர் பெயரைச் சொன்னால் இங்கே யாருக்கும் எலுமிச்சை ஞாபகம் வராது. "யாரு, 'லிமோன்' பாட்டைப் பதிவு பண்ண அன்னைக்கு ஞானஸ்நானத்துக்குப் போனாரே, அவரா?" என்றுதான் கேட்பார்கள். கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கேட்டு என் காது மரத்துவிட்டது. அவர் காது மரக்கவில்லை.

அவரும் எதிர்வீட்டு ரமீரோவும் ஒரே ஏணியில் தோப்பு வேலை பழகியவர்கள். செவெரோ கிடார், ரமீரோ சாக்ஸபோன், இன்னும் தோப்பு ஆட்கள் மூன்று பேர். கல்யாணம், சனிக்கிழமை நடனம், கோயில் சந்தை என்று எது வந்தாலும் இந்த ஐந்து பேர்தான் வாசிப்பார்கள். இருவருக்கும் மரியாதை என்றால் என்னவென்றே தெரியாது. "டேய் கழுதை, சுதி சேர்த்தியா இல்லையா?" என்று ரமீரோ எங்கள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்துவான். "உன் தகரக் குழாயை முதல்ல துடைடா" என்று இவர் பதில் சொல்வார். அதுதான் அவர்களுடைய காலை வணக்கம்.

அந்தப் பாட்டுக்குச் சொற்கள் கிடையாது, வெறும் வாத்தியம்தான். அது பிறந்தது செவெரோவின் விரலில். எங்கள் சமையலறையில் பீன்ஸ் வேகும்வரை உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பார். கீழ்க்கம்பியில் கொஞ்சம் கெஞ்சுகிற மாதிரி போகும், பிறகு மேலே ஏறிக் கேலி செய்யும். ஆனால் கீழேயிருந்து மேலே போகும் இடத்தில் அவரால் சட்டென்று போக முடியாது. பழம் வெட்டும் கத்தரி ஒருமுறை அவருடைய இடதுகை ஆள்காட்டி விரலின் நுனியை வாங்கிக்கொண்டுவிட்டது. மிச்சமிருக்கும் விரலைத் தூக்கி இடம் பார்த்து வைப்பதற்குள் தாளம் காத்திருக்கும். பறிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு விரல் குறைதான், அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு கல்யாணத்தில் அந்த இடம் வந்தது, பாட்டு நின்றது, மணமகளின் கால் அந்தரத்தில் நின்றது. ரமீரோவுக்குப் பொறுக்கவில்லை. நாளெல்லாம் வாயில் இருந்த வார்த்தை அதுதானே, "லிமோன்!" என்று ஒரு கத்து கத்தினான். எலுமிச்சை என்று எதற்குக் கத்தினான் என்று யாருக்கும் தெரியவில்லை. கூடம் முழுக்கச் சிரிப்பு. அடுத்த முறை அந்த இடம் வந்தபோது கூடமே சேர்ந்து கத்தியது. அன்றிலிருந்து என் கணவரின் ஊனம் பாட்டின் அழகாகிவிட்டது.

ஐம்பத்தெட்டாம் வருஷத் தொடக்கத்தில் ரமீரோவின் மனைவி ஒத்தீலியாவுக்கு ஒரு பையன் பிறந்தான். தமியான் என்று பெயர். நெஞ்சில் சளி கட்டி மூச்சு இரைத்துக்கொண்டே இருந்த குழந்தை. பிழைக்குமோ பிழைக்காதோ என்று பயந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும் என்று ஒத்தீலியா பிடிவாதமாக நின்றாள். ஞானத்தகப்பன் செவெரோ, ஞானத்தாய் நான். எங்களுக்குக் குழந்தை கிடையாது. அதனால்தான் எங்களைக் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பரிதாபத்துக்கும் சேர்த்து நன்றி சொன்னேன்.

வெள்ளிக்கிழமை ரமீரோ மூச்சு வாங்க ஓடிவந்தான். லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு சின்ன கம்பெனி இவர்கள் வாசித்ததைக் கேட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேறொரு குழு வரவில்லையாம், அந்த நேரத்தை இவர்களுக்குத் தருகிறார்களாம்.

"ஞாயித்துக்கிழமையா? உன் பையனுக்கு அன்னைக்குத்தானடா ஞானஸ்நானம்" என்றார் செவெரோ.

"தெரியும்டா. ஒத்தீலியாகிட்ட தள்ளிவைக்கச் சொல்லிப் பார்த்தேன். செருப்பைத் தூக்கிட்டா."

"அப்ப போகாத."

"போகாம? நாம காலமெல்லாம் ஏணியிலயே தொங்கணுமா?" ரமீரோ தொப்பியைக் கழற்றி முழங்காலில் தட்டினான். "நான் ஃபாதரைக் கேட்டுட்டேன். அப்பன் இல்லாட்டியும் ஞானஸ்நானம் நடக்குமாம். ஞானத்தகப்பன் இல்லாட்டி நடக்காதாம்."

நான் அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தேன். செவெரோவின் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"நான் இல்லாம பதிவு பண்ணுவியா?"

"ஒரு மெதுவான பாட்டுதான்டா அவங்களுக்கு வேணும். அதுல உனக்கு என்ன பெரிய வேலை? 'லிமோன்' சும்மா இசைத்தட்டோட பின்பக்கத்துக்கு. பின்பக்கத்தை எவன் கேப்பான்? அங்க யாராச்சும் கிடார்காரன் இருப்பான்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "வேற யாரை நம்பி என் பிள்ளையைக் குடுப்பேன், சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் செவெரோ ஒரே சட்டையை இரண்டு முறை கழற்றிப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தார். குழந்தையின் தலையில் தண்ணீர் விழுந்தபோது அது கத்தவில்லை, இவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. வெளியே வந்ததும் தெருப்பிள்ளைகள் "போலோ, பத்ரினோ, போலோ" என்று சூழ்ந்துகொண்டார்கள். பத்ரினோ என்றால் ஞானத்தகப்பன், போலோ என்றால் அவர் இறைக்க வேண்டிய சில்லறை. அவர் சில்லறையை வாரி இறைத்தால்தான் பிள்ளைகள் விடுவார்கள். இவர் இறைத்தார், ஆனால் கண் லாஸ் ஏஞ்சலிஸ் சாலையிலேயே இருந்தது.

இருட்டும் நேரத்தில் ரமீரோ வந்தான். அந்தத் தண்ணீர் விழுந்ததிலிருந்து இருவரும் கொம்பாத்ரே ஆகிவிட்டார்கள். பிள்ளையின் அப்பனும் ஞானத்தகப்பனும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும், அம்மாவும் ஞானத்தாயும் என்றால் கொமாத்ரே. சாகும்வரை வா போ கிடையாது, திட்டு கிடையாது, கொம்பாத்ரேயோடு சண்டை போட்டவனை எங்கள் ஊரில் யாரும் விருந்துக்குக் கூப்பிடமாட்டார்கள்.

"வணக்கம் கொம்பாத்ரே" என்றான் ரமீரோ. சொல்லிவிட்டு அவனுக்கே சிரிப்பு வந்தது.

"வாங்க கொம்பாத்ரே" என்றார் இவர். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. "பதிவு நல்லா நடந்துதுங்களா?"

"நல்லா நடந்துதுங்க. பக்கத்து அறையில டெல்மர்னு ஒருத்தன் பேப்பர் படிச்சுட்டு உக்காந்திருந்தான். உங்க கிடார் வரியை வாயால பாடிக் காட்டினேன், உடனே பிடிச்சுக்கிட்டான். ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். இங்க எதுக்கு நிறுத்தணும்னான். இங்க எங்க செவெரோ விரல் மாத்துவாரு, அதனால நிறுத்துன்னேன்."

இதை ஒரு பெரிய மரியாதை செய்துவிட்டு வந்தவன் போலச் சொன்னான். இவர் தலையாட்டினார். அன்றிரவு என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "உடனே பிடிச்சுக்கிட்டானாம்" என்றார்.

மீதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். மெதுவான பாட்டை யாரும் சீண்டவில்லை. எங்கோ ஒரு ரேடியோக்காரன் தட்டைத் திருப்பிப் போட்டான். கோடைக்குள் நாடு முழுக்க 'லிமோன்' ஓடியது. கம்பெனி அவர்களுக்கு 'ஸோம்ப்ரேரோ சிக்ஸ்' என்று பெயர் வைத்தது. டெல்மரையும் சேர்த்து அதில் இருந்ததே ஐந்து பேர்தான். ஆறாவது ஆள் யார் என்று எனக்குத் தெரியும், ஆனால் அதற்கெல்லாம் தட்டில் பெயர் போடமாட்டார்கள்.

நான் பழம் தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை செய்தேன். பெண்கள் வரிசையாக நிற்போம், முன்னால் எலுமிச்சை உருண்டு ஓடும், தலைக்கு மேலே ரேடியோ. அந்தப் பாட்டு வந்தால் போதும், எல்லாருக்கும் பேய் பிடித்துவிடும். நிறுத்தம் வந்ததும் ஆளுக்கொரு பழத்தைத் தூக்கிக் காட்டி "லிமோன்!" என்பார்கள். பிறகு ஒரே சமயத்தில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும்.

"எர்மினியா, உன் வீட்டுக்காரர் ஞானஸ்நானத்துல என்னடி சாப்பிட்டாரு? ரொம்ப விலையான சாப்பாடா இருந்திருக்குமே" என்பாள் பக்கத்தில் நின்ற சாயோ.

"உன் வீட்டுக்காரருக்கு ஞானஸ்நானமும் இல்ல, பாட்டும் இல்ல. நீ பழத்தைப் பாரு" என்பேன். வாய் சொல்லும், வயிறு எரியும்.

எரிந்தது என்றால் சும்மா இல்லை. ஒத்தீலியாவின் வீட்டுக்கு வெள்ளையாக ஒரு குளிர்பெட்டி வந்து இறங்கியது. திறந்தால் உள்ளே விளக்கு எரியும். "தொட்டுப் பாருங்க கொமாத்ரே" என்று என் கையைப் பிடித்து உள்ளே வைத்தாள். அவளிடம் கர்வம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கர்வம் இருந்திருந்தால் கரித்துக்கொட்டியிருக்கலாம். புருஷன், பாட்டு, குளிர்பெட்டி, பிள்ளை எல்லாம் அவளுக்கு. எனக்கு எத்தனை சோப்பு போட்டாலும் போகாத எலுமிச்சை வாடை.

ஆனால் என் பொறாமை வீட்டுப் பொறாமை, அங்கே இங்கே அலைந்துவிட்டுத் தூங்கிவிடும். செவெரோவின் பொறாமைக்குத் தூக்கம் கிடையாது. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஊர் பார்க்க, ஒருமுறை, அந்தக் குழுவோடு நின்று அந்த வரியை அவர் விரலால் வாசிக்க வேண்டும். காசு வேண்டாம், பெயர் வேண்டாம். "இது என்னோடதுதான்னு ஒரு தடவை எல்லாரும் காதால கேக்கணும்" என்பார். ரேடியோவில் டெல்மர் வாசிக்கும்போது காதை ஸ்பீக்கரோடு ஒட்டிவைத்துக் கேட்பார். "பாரு, அவனுக்கு நிறுத்தணும்னு அவசியமே இல்ல. சும்மா நிக்கிறான். நொண்டி மாதிரி நடிக்கிறான்" என்று பல்லைக் கடிப்பார். எதிர்வீட்டில் போய் நாலு வார்த்தை கத்தியிருந்தால் தீர்ந்திருக்கும். கொம்பாத்ரேயிடம் எப்படிக் கத்துவது? ரமீரோ ஊருக்கு வரும் நாட்களில் இருவரும் வேலியருகே நின்று மரியாதையாக வானிலை பேசினார்கள்.

வருவதே அபூர்வம். நடனக்கூடம், டெலிவிஷன், பஸ் என்று ரமீரோ அலைந்துகொண்டிருந்தான். தமியான் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தான் என்று சொன்னால் பொய்யில்லை. சளி தேறிக் கொழுகொழுவென்று ஆனான். சாயங்காலம் செவெரோவின் லாரிச் சத்தம் கேட்டால் வேலிக்கு அடியில் புகுந்து ஓடிவருவான். இவர் மடியில் உட்கார்ந்து கிடாரின் வயிற்றில் கன்னத்தை வைத்துக்கொள்வான். இவர் வாசிப்பார், நிறுத்துவார். "மோன்!" என்பான் பையன். அதற்குப் பிறகுதான் இவர் மேலே போவார். பேச்சு வந்ததும் இவரை அப்பா என்றான். ஒத்தீலியா முதலில் திருத்தினாள், பிறகு விட்டுவிட்டாள். செவெரோ ஒருநாளும் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை, ஏன் திருத்த வேண்டும்?

அறுபதாம் வருஷம் செப்டம்பரில், எங்கள் பூர்வீக நாட்டின் சுதந்திரத் திருநாளுக்கு, ஸோம்ப்ரேரோ சிக்ஸ் எங்கள் ஊரில் வாசிக்கப் போவதாகச் சுவரொட்டி ஒட்டினார்கள். அதற்குள் அவர்களுடைய அடுத்தடுத்த தட்டுகள் போன இடம் தெரியவில்லை. ஊர் ஊராகப் போய் அந்த ஒரே பாட்டைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

திருநாளுக்கு முந்தின நாள் ரமீரோ எங்கள் வீட்டுக்கு வந்தான். இளைத்திருந்தான், கோட்டு மட்டும் பளபளத்தது. நான் காப்பியும் இனிப்பு ரொட்டியும் வைத்தேன்.

"கொம்பாத்ரே, ரொம்ப நாளா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு" என்று தொடங்கினான். செவெரோவின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. அவர் இத்தனை காலம் காத்திருந்தது அந்த வாக்கியத்தின் மறுபாதிக்குத்தான். எனக்கும் தெரிந்தது, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

அப்போது தமியான் உள்ளே ஓடிவந்தான். புது ஆளைப் பார்த்ததும் நின்றான்.

"வாடா என் ராஜா" என்று ரமீரோ கையை நீட்டினான்.

பையன் செவெரோவின் கால்களுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். "அப்பா, இந்த மாமா யாரு?" என்றான்.

செவெரோ பையனின் தலையைத் தடவினார். அவர் சொல்லியிருக்கலாம், இவர்தான்டா உன் அப்பா என்று. சொல்லவில்லை. ரமீரோ காப்பியைக் குடித்து முடித்தான், ரொட்டியைத் தொடவில்லை. "நான் அப்புறம் வரேங்க" என்று தொப்பியை எடுத்துக்கொண்டான்.

"ஏதோ சொல்ல வந்தீங்களே கொம்பாத்ரே."

"ஒண்ணும் இல்லீங்க. திருநாளுக்கு வந்துடுங்கன்னு சொல்லத்தான்."

அன்று கதவு சாத்திய பிறகு செவெரோ நெடுநேரம் அந்த ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் எப்படியும் இருக்கட்டும் என்று கிடாரை லாரியில் எடுத்து வைத்தார்.

கோயில் மைதானத்தில் நல்ல வெயில். காகிதக் கொடிகள், சுட்ட சோளம், சோளமாவில் அவித்த தமாலே விற்கும் பெண்கள். செவெரோ பையனைத் தோளில் வைத்துக்கொண்டு மேடைக்குப் பக்கத்திலேயே நின்றார். ஒத்தீலியா என் கையைக் கோத்துக்கொண்டு நின்றாள். மற்ற பாட்டுகள் முடிந்து 'லிமோன்' தொடங்குவதற்கு முன்னால் சாயோ வாயைத் திறந்தாள். "ஏ ரமீரோ, உண்மையான கிடார்காரர் கீழ நிக்கிறாரு" என்றாள். அவளுக்குக் கிண்டல்தான் நோக்கம். ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். "செவெரோ, செவெரோ" என்று மைதானமே கைதட்ட ஆரம்பித்தது.

ரமீரோ மேடை விளிம்புக்கு வந்து குனிந்தான். "வாங்க கொம்பாத்ரே. உங்க பாட்டுதானே" என்றான். சிரித்த முகம்தான், ஆனால் கண் பையன்மேல் இருந்தது. "பிள்ளையை என்கிட்டக் குடுங்க. கிடாரையும் பிள்ளையையும் ஒண்ணா வச்சுக்க முடியாது பாருங்க."

செவெரோ ஒரு கணம் தயங்கினார். பிறகு பையனைத் தூக்கிக் கொடுத்தார். லாரியிலிருந்து கிடார் வந்தது. டெல்மர் நல்ல மனிதன், தானே ஒதுங்கி இடம் விட்டான்.

எப்படி வாசித்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கெஞ்சியது கெஞ்சலாக இருந்தது, கேலி கேலியாக இருந்தது. ரேடியோவில் அது ஒரு நாளும் அப்படி இருந்ததில்லை. முதல் நிறுத்தம் வந்தது, மைதானம் "லிமோன்!" என்றது. தமாலே விற்கிறவர்கள்கூடக் கரண்டியைத் தூக்கினார்கள். சாயோவைத் திரும்பிப் பார்த்தேன், அவள் வாயை மூடிக்கொண்டாள். இரண்டாவது நிறுத்தம், மறுபடியும் "லிமோன்!" ரமீரோ ஒரு கையில் பையனோடு மைக்குக்கு முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தான், சாக்ஸபோன் கழுத்தில் சும்மா தொங்கியது. பையன் நெளிய ஆரம்பித்திருந்தான்.

மூன்றாவது நிறுத்தம். எல்லாரும் மூச்சை இழுத்தோம். அதற்குள் பையன் முந்திக்கொண்டான். இரண்டு கையையும் செவெரோவை நோக்கி நீட்டி, "அப்பா!" என்று அலறினான். வாய் நேராக மைக்கில். மைதானத்தின் நாலு மூலை ஸ்பீக்கரிலும் அது போய் விழுந்தது.

யாரும் லிமோன் என்று சொல்லவில்லை.

என் கணவரின் விரல் எவ்வளவு நேரத்தில் மேலே போய்ச் சேரும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அது போய்ச் சேர்ந்துவிட்டது. கம்பியின்மேல் உட்கார்ந்துவிட்டது. ஒரு தட்டுத் தட்டியிருந்தால் பாட்டு எல்லாவற்றையும் மூடியிருக்கும், எல்லாரும் சிரித்திருப்பார்கள். அவர் தட்டவில்லை. பையன் இரண்டாம் முறை அப்பா என்றான். மூன்றாம் முறையும் சொன்னான். ஊர் முழுக்கக் கேட்கட்டும் என்று அவர் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் இருந்தது பரிதாபம் இல்லை, சந்தோஷம். எங்கள் கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷம்தான், மறைப்பதற்கு என்ன இருக்கிறது? பாட்டையும் குளிர்பெட்டியையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று மனசுக்குள் சொன்னேன்.

ரமீரோவின் முகம் சாம்பலாகிவிட்டது. ஒத்தீலியா கோத்திருந்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் செவெரோ கம்பியைத் தட்டினார், பாட்டு முடிந்தது. கைதட்டல் பலமாகத்தான் இருந்தது.

மாத முடிவில் அவர்கள் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபோனார்கள். ரமீரோ குழுவை விட்டுவிட்டுக் கார்த் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்துவிட்டானாம். பிள்ளையோடு இருக்க வேண்டும் என்று சொன்னானாம். சண்டை எதுவும் இல்லை. கொம்பாத்ரேக்களுக்குள் சண்டை கிடையாது.

கிளம்பும் காலையில் முறைப்படி பையனை ஆசீர்வாதத்துக்குக் கூட்டிவந்தார்கள். குளிர்பெட்டி லாரியில் ஏறியிருந்தது. தமியானுக்குப் புதுச் செருப்பு, தலை படிய வாரியிருந்தது. செவெரோ குனிந்து, ஞானஸ்நானத்தன்று அவன் பிடித்துக்கொண்ட அதே கட்டைவிரலால் அவன் நெற்றியில் சிலுவை போட்டார்.

"கையில முத்தம் குடுடா" என்றான் ரமீரோ. பையன் கொடுத்தான். "இப்ப சொல்லு. நேத்து சொல்லிக்குடுத்தேன்ல, அப்படிச் சொல்லு."

பையன் செவெரோவை அண்ணாந்து பார்த்தான். பாட்டில் அந்த இடத்துக்குக் காத்திருக்கிற மாதிரியே பார்த்தான். பிறகு திரும்பி ரமீரோவின் முகத்தைப் பார்த்தான்.

"போயிட்டு வரேன் பத்ரினோ" என்றான்.

"போயிட்டு வாங்க" என்றார் என் கணவர், பிள்ளையிடம்கூட மரியாதையாக.